விசில் கேட்காத மைதானம்

போன மாதம் ஒரு காலை, பாலவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "அருள்தாஸ் மாஸ்டர் வீடு இதானே?" என்று கேட்டார். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை. அவர்கள் மைதானத்தின் நான்கு மூலையிலும் இப்போது விளக்கு வைத்திருக்கிறார்களாம். பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னும், ஆட்டம் நிற்கும். வகுப்பறையிலேயே சைகை மொழி சொல்லித் தருகிறார்களாம்.

"லைட்டெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் ஆட்டத்தை நிறுத்துனீங்க?" என்பதுதான் அவர் கேள்வி.

காப்பி ஆறும்வரை பதில் சொன்னேன். ஆனால் ஒரு தடவை நிறுத்தத் தவறியதைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் முறை வீட்டுக்கு வந்தவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் போன பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் சாந்தோம்காரன். கடற்கரை மணலில் ஆடிக் கற்றுக்கொண்ட ஆட்டம். பதினெட்டு வயதில் ஓர் அரசு அலுவலக அணி என்னை எடுத்துக்கொண்டது. காலையில் கோப்பு, மாலையில் பந்து. இருபத்தாறாவது வயதில் கல்கத்தாவிலிருந்து ஒரு கிளப் ஒப்பந்தம் நீட்டியது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அங்கே என் இடம் ஸ்டாப்பர் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, எதிரணி முன்கள ஆட்டக்காரனை நிறுத்துகிறவன். நான் அப்படியொன்றும் வேகமானவன் இல்லை. தலையால் முட்டுவதிலும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். என்னிடம் இருந்தது குரல். முழு மைதானமும் என் கண்ணுக்கு முன்னால் விரிந்திருக்கும். யார் பின்னால் ஆள் வருகிறான், யார் மேலே ஏற வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பேன். ஜனங்கள் நிரம்பி வழியும் அந்த மைதானத்திலும் என் குரல் எங்கள் வலது பக்க ஆட்டக்காரனுக்குக் கேட்கும். மெட்ராஸில் ஆடிய காலத்திலிருந்தே எனக்கு 'சங்கு' என்று பெயர். மில்லில் ஊதுவார்களே, அந்தச் சங்கு. வங்காளிகளும் அதையே வைத்துக் கூப்பிட்டார்கள்.

ஏழு சீசன் ஆடினேன். எட்டாவதில், மழைக்குப் பிறகான சேற்றில், ஒருவனும் என்மேல் மோதாமல், நானாகத் திரும்பியபோது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதோடு முடிந்தது. ஊருக்குத் திரும்பி, ஒரு வருடம் உடற்கல்விப் பயிற்சி முடித்து, வேலை தேடி அலைந்தபோது எங்கள் பங்குத் தந்தைதான் மயிலாப்பூரில் அந்தப் பள்ளியைப் பற்றிச் சொன்னார். தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.

முதல் நாள் கழுத்தில் புது விசில் மாட்டிக்கொண்டு போனேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, காது கேளாத பள்ளிக்கு விசிலோடு போகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. மைதானத்தில் இருபது பையன்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து ஊதினேன். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி ஊதினேன். பக்கத்துத் தெரு வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷத்தில், கத்தினேன். ஒரு பையன் என்னைக் கடந்து ஓடும்போது என் திறந்த வாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியை என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

கோமளா மிஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான உருவம், எப்போதும் பருத்திப் புடவை, இழுத்து முடிந்த கொண்டை. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவர் அறையில் நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கும், வெளிச்சம் தன் முகத்தில் விழுவதற்காக. எதிரில் இருப்பவர் தன் முகத்தைப் பார்க்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசும்போது வாயருகே கை போகாது, தலை திரும்பாது. காது நன்றாகக் கேட்கும் என்னைப் போன்றவர்களிடமும் அப்படியேதான். பேச்சு என்பது கண்ணால் வாங்கிக்கொள்ளும் பொருள் என்றே அவருக்கு ஆகிவிட்டிருந்தது.

நான் உள்ளே போனதும் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மாஸ்டர், உங்க மீசை மேலுதட்டை மூடறது. கொழந்தேளுக்கு நீங்க பேசறது தெரியாது. நாளைக்கு எடுத்துண்டு வாங்கோ."

கல்கத்தா பத்திரிகைகளில் படமாக வந்த மீசை அது. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு வந்து நின்றபோது என் மனைவி ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனவள், நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மிஸ்ஸின் இரண்டாவது விதி, சைகை கூடாது. அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அதுதான் முறை. பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், வாயைத் திறந்து பேச வேண்டும். அவர் கற்றுத் தரும் விதத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய காகிதத் துண்டைப் பிள்ளையின் உதட்டுக்கு முன்னால் பிடிப்பார். 'ப' சொன்னால் காகிதம் ஆடும், 'ம' சொன்னால் ஆடாது. பிள்ளையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார், பிறகு அதே கையை அதன் தொண்டையில் வைப்பார். ஒரே எழுத்துக்கு ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் அவர் முகத்தில் அலுப்பைப் பார்க்க முடியாது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கையை ஆட்டிப் பேசினால், அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். அதன் இரண்டு கையையும் எடுத்து மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, "வாய்" என்பார்.

மைதானத்தில் நான் என்ன செய்வது? மஞ்சள் துணிதான் வழி என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. விசில் ஊத வேண்டிய இடத்தில் மஞ்சள் துணியைத் தலைக்கு மேல் வீசுவேன். பார்த்தவன் உடனே ஓட்டத்தை நிறுத்தி இரண்டு கையையும் தூக்க வேண்டும். கை தூக்கியவனைப் பார்த்தவனும் தூக்க வேண்டும். துணி ஒருவன் கண்ணில் பட்டால் போதும், மூன்று நான்கு விநாடிக்குள் எல்லாக் கைகளும் மேலே போய் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் வந்து, நெஞ்சில் மாட்டியிருக்கும் காது மிஷின் பெட்டியையும் ஒயரையும் கழற்றி என்னிடம் கொடுப்பார்கள். பெயர் ஒட்டிய பிஸ்கட் டின்னில் வைத்து மூடுவேன். கழற்றியதும் பிள்ளைகளின் தோள்கள் இறங்கி, கைகள் பேசத் தொடங்கும்.

ஆம், கைகளால்தான். விடுதிப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சைகை மொழி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வழிவழியாக வந்தது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் குமரேசன். நான் சேர்ந்தபோது அவன் ஆறாம் வகுப்பு. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் பவுனம்மாவின் ஒரே மகன். அப்பா இல்லை. முதல் நாள் என் திறந்த வாயைப் பார்த்துச் சிரித்தவன் அவன்தான். ஒவ்வொருவருக்கும் அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு. எனக்கு அவன் வைத்த பெயர், மேலுதட்டின்மேல் விரலை வைத்து மீசையைத் துடைத்துப் போடுவதுபோல ஓர் இழுப்பு. மீசை போனவன்.

நாலு மணிக்கு மைதானத்தில் நடப்பது மிஸ்ஸுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"கிரவுண்ட்ல கை ஆடறதே மாஸ்டர்?"

"மிஸ், அவ்ளோ தூரத்துல உதடு தெரியாது. அவங்க எப்படிப் பேசிப்பாங்க?"

"தெரியாதுதான். ஆனா கிரவுண்ட்ல ஆடின கை கிளாஸ்லேயும் ஆடறது."

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நாலு மணி அடித்ததும் மைதானத்தைப் பார்த்த தன் ஜன்னலைச் சாத்திவிடுவார். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் உள்ளே போன பிறகுதான் அது திறக்கும். இப்படி நாலு வருடம் போயிற்று.

குமரேசன் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது என்னைவிட நல்ல ஸ்டாப்பர் ஆகியிருந்தான். இது வாத்தியார் சொல்லும் முகஸ்துதி இல்லை. நான் கத்தி நடத்திய ஆட்டத்தை அவன் பார்த்தே நடத்தினான். அந்த வருடம் அடையாறு பக்கத்தில் ஒரு பெரிய பள்ளி, தங்கள் விளையாட்டு விழாவுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஆட எங்களைக் கூப்பிட்டது. காது கேட்கிற பிள்ளைகளோடு எங்களுக்கு முதல் ஆட்டம்.

நடுவர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர், மரியாதையான இளைஞர். விசில் ஊதும்போதே மஞ்சள் துணியையும் வீச வேண்டும் என்று சொல்லி ஒரு துணியைக் கொடுத்தேன். அவர் மறந்தால், ஓரக்கோட்டில் நிற்கும் நான் வீசுவேன் என்று ஏற்பாடு. பையன்களுக்கும் அதைச் சொல்லியிருந்தேன். சந்தேகம் வந்தால் மாஸ்டரைப் பார்.

முதல் பாதி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அதன் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. அவர்கள் முன்கள ஆட்டக்காரன் விக்னேஷ், நல்ல பையன், பந்தோடு எங்கள் பக்கம் ஓடி வந்தான். பந்து வரும்போதே எங்கள் கடைசி ஆளைத் தாண்டி நின்றிருந்தான், ஆஃப்சைடு. நடுவர் ஊதினார். துணி அவர் கால்சட்டைப் பையிலேயே இருந்தது. விக்னேஷ் விசிலைக் கேட்டு, ஓட்டத்தை நிறுத்தி, பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு நடுவரைத் திரும்பிப் பார்த்தான். பக்கவாட்டிலிருந்து குமரேசன் பந்தை மட்டும் பார்த்தபடி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தான்.

நான் அதை முன்கூட்டியே பார்த்துவிட்டேன். இரண்டு விநாடி இருந்திருக்கும். என் இடது கையில் மஞ்சள் துணி இருந்தது.

நான் கத்தினேன். "குமரேசா, நில்லுடா!"

மைதானத்தில் காது கேட்ட அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குமரேசன் திரும்பவில்லை.

சறுக்கி வந்து பந்தை எடுத்தான். பந்தோடு விக்னேஷின் கணுக்காலுக்கு மேலும் மோதினான். எலும்பு முறிந்த சத்தம் ஓரக்கோடு வரைக்கும் கேட்டது. குமரேசன் எழுந்து, பந்தை வலது பக்கம் தள்ளிவிட்டு, சிரித்த முகத்தோடு திரும்பினான். அதற்குள் பார்வையாளர் வரிசையிலிருந்து விக்னேஷின் அப்பா ராமநாதன் ஓடி வந்துவிட்டார்.

"விசில் அடிச்சு நின்னவனை அடிக்கறியாடா, ராஸ்கல்!" என்று கன்னத்தில் அறைந்தார்.

குமரேசன் அவரைப் பார்க்கவில்லை. அறை வாங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தான். எதற்கு என்று கேட்கும் பார்வை. விக்னேஷைத் தூக்க ஓடினேன்.

அந்தப் பள்ளியிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. ஆட்டம் நின்ற பிறகு வேண்டுமென்றே தாக்கியதாக. எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவர், பையனை இந்த வருடம் நிறுத்திவைப்பதே நல்லது, பந்தாட்டத்தையும் மூட்டை கட்டிவிடலாம் என்றார். நிறுத்திவைத்தால் பொதுத்தேர்வு எழுத முடியாது. எங்கள் பிள்ளைகளில் பத்தாவது வரை வந்து சேர்கிறவர்களே கொஞ்சம். ஒரு வருடம் விட்டுப்போனால் பெரும்பாலும் திரும்பி வர மாட்டார்கள்.

பவுனம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து மைதானத்து ஓரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? எம்புள்ள வேணும்னே கால ஒடச்சிட்டான்னு சொல்லிக்கினு கீறாங்க? கூடைல மீனு துடிச்சாலே எழுந்து அந்தாண்ட பூடுவான் சார் அவன். மீன்காரி புள்ளைக்கு மீனு துடிக்கிறத பாக்க முடியாது. அவன் போயி ஒரு புள்ளைய ஒடப்பானா?"

"இல்லம்மா. நடுவர் துணியைக் காட்ட மறந்துட்டாரு. அதான் நடந்தது."

சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான். என் கையில் துணி இருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. எல்லோரும் என் வாயைத்தானே பார்த்தார்கள். நான்கு நாள் அதை மென்று விழுங்கிக்கொண்டு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல என்று தெரிந்திருந்தது.

புதன்கிழமை அடையாறு பள்ளியில் விசாரணை. அதற்கு முந்தைய இரண்டு மதியமும் கோமளா மிஸ் குமரேசனைக் கண்ணாடி முன் உட்காரவைத்து மூன்று வாக்கியம் பழக்கினார். நான் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கு விசில் கேட்கவில்லை. என்னை மன்னியுங்கள். "அவன் வாயாலேயே சொல்லட்டும். அவாளுக்குப் புரியும்" என்றார். ஏழு வருடம் அவர் உழைத்த குரல் அது. அவர் நம்பினார்.

அந்த முதல்வரின் அறையில் முதல்வர், நடுவர், ராமநாதன் ஒரு பக்கம். மிஸ், பவுனம்மா, குமரேசன், நான் மறுபக்கம். குமரேசன் எழுந்து நின்றான். சட்டைக்கு மேல் பெட்டி, காதுகளில் ஒயர், தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தான். மூன்று வாக்கியத்தையும் சொன்னான்.

முதல்வர் முன்னால் சாய்ந்தார். "என்ன சொல்றான்?"

அவன் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னான், இன்னும் உரக்க. குரல் உடைந்து கீச்சென்று வந்தது. நடுவர் தலையைக் குனிந்துகொண்டார். பவுனம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவர் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதார். மூன்றாம் தடவை முதல் வாக்கியத்தின் பாதியிலேயே நின்றுவிட்டான். அவன் கைகள் தாமாக மேலே எழுந்தன. சட்டென்று கோமளா மிஸ்ஸைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மிஸ் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"மாஸ்டர், அவன் கையை விடச் சொல்லுங்கோ. அவன் சொல்றதை நீங்க இவாளுக்குச் சொல்லுங்கோ."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. அவர் இன்னொரு தடவை தலையை அசைத்தார். நான் குமரேசனிடம் கையால் சொன்னேன். 'பேசு.'

அவன் மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து போய் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளைத் தானே பிரித்து முன்னால் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவன் பேசினான். அவன் கைகள் சொல்லச் சொல்ல நான் குரல் கொடுத்தேன்.

"பந்து மட்டும்தான் பாத்தேன். மஞ்சள் துணி இல்ல. யாரும் கை தூக்கல. பந்து எனக்குக் கிடைச்சுது. சந்தோஷமா இருந்துது. திரும்பிப் பாத்தேன். அந்தப் பையன் வாயைத் திறந்துகிட்டு இருந்தான். கூப்பிடறானா, அழறானா தெரியல. அப்பறம் அடி விழுந்துது. ஏன்னு மாஸ்டரைப் பாத்தேன்."

அடுத்து அவன் கை மேலுதட்டுக்குப் போய், மீசையைத் துடைத்துப் போட்டது. என் பெயர். அப்புறம் ஒரு சின்ன விரிப்பு, வெறும் கை.

மாஸ்டர் சொல்லவில்லை.

அதையும் நான்தான் என் வாயால் சொல்ல வேண்டும். ராமநாதன் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். முதல்வரும்தான்.

"'மாஸ்டர் எனக்குச் சொல்லல'ங்கறான் சார்," என்றேன். "அது நெஜம். நடுவர் மறந்தா நான் துணியைக் காட்டணும்னு ஏற்பாடு. துணி என் கையில இருந்துது. நான் வீசல. கத்தினேன். காது கேக்காத பையனைப் பாத்துக் கத்தினேன். உங்க பையன் கால் ஒடஞ்சதுக்கு இவன் காரணம் இல்ல சார். நான்தான் காரணம்."

நான் பேசி முடித்ததும் நடுவர் எழுந்தார். "என் பேர்லயும் தப்பு இருக்கு சார். பையில வச்ச துணிய எடுக்கவே இல்ல" என்றார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குமரேசன் நான் என்ன சொன்னேன் என்று கேட்டான். அவனிடமும் சொன்னேன். துணி என் கையில் இருந்தது, வீசவில்லை, கத்தினேன். அவன் என் வாயைப் பார்த்தான். பிறகு கேட்டான். 'உங்கள் குரல் பெரியதா?'

பெரியது என்றேன். அவன் தலையாட்டினான். ஏதோ புரிந்துகொண்டவன் போல. பிறகு முதல்வரிடம் கேட்கச் சொன்னான். விக்னேஷுக்கு வலி குறைந்துவிட்டதா?

புகார் அங்கேயே திரும்பப் பெறப்பட்டது. பவுனம்மாவும் குமரேசனும் பஸ்ஸில் போக, நானும் மிஸ்ஸும் ஆட்டோவில் மயிலாப்பூர் திரும்பினோம். ஆட்டோ அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியது. நான்தான் தொடங்கினேன்.

"ராஜினாமாக் கடிதம் எழுதித் தந்துடறேன் மிஸ்."

"எழுதினா கிழிச்சுப் போடுவேன்" என்றார். ஆட்டோ இரைச்சலிலும் என் பக்கம் முழுக்கத் திரும்பி, முகத்தைக் காட்டித்தான் பேசினார். "உங்க மேல கோபம் இருக்கு. நாலு நாள் சொல்லாம இருந்தேளே, அதுக்கு. அது வேற. எனக்கு ஒரு தம்பி இருந்தான் மாஸ்டர், சேதுன்னு பேரு. பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது. அம்மாவும் அவனும் கையாலேயே பேசிப்பா. நாள் முழுக்கப் பேசிப்பா, சிரிச்சிண்டே. நாங்க யாரும் அதைக் கத்துக்கல. அம்மா போயிட்டா. அதுக்கப்பறம் எங்காத்துல அவனோட பாஷை தெரிஞ்சவா ஒருத்தரும் இல்லை. பதினோரு வருஷம் அவன் ஆத்துல இருந்தான், யார்கிட்டயும் பேசாம. அவனுக்கு மட்டும் பேச்சு வந்திருந்தா இப்படி ஆகியிருக்குமான்னுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "இன்னிக்கு குமரேசன் கையைப் பின்னாடி கட்டிண்டானே, அப்போ தோணித்து. சேது பேசக் கத்துக்கறது ஒரு வழி. நான் அந்தக் கை பாஷையைக் கத்துக்கறது இன்னொரு வழி. அது எனக்குத் தோணவே இல்லையே."

பள்ளி வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

வகுப்பறை விதியை அவர் மாற்றவில்லை. காகிதத் துண்டும் கண்ணாடியும் அப்படியே இருந்தன. ஆனால் மறுநாள் நாலு மணிக்கு ஜன்னல் சாத்தப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குமரேசனும் பவுனம்மாவும் நானும் தி. நகரில் ராமநாதன் வீட்டுக்குப் போனோம். அடுக்குமாடியில் இரண்டாவது தளம். ராமநாதன்தான் கதவைத் திறந்தார். குமரேசனைக் கண்டதும் கதவுப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றுவிட்டார். அவர் மனைவி பின்னாலிருந்து வந்து, "உள்ள வாங்க, ஏன் நின்னுட்டீங்க?" என்று எல்லோரையும் அழைத்தார்.

பவுனம்மா ஒரு பையை நீட்டினார். "எலும்பு சீக்கிரம் கூடணும்மா. காலைல வந்த சுறா. பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு பண்ணிக் குடுங்க."

அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பவுனம்மாவுக்குப் பொறி தட்டியது.

"ஐயோ, நீங்க கவுச்சி துண்றதில்லியா? இன்னா பண்ணிட்டேன் பாரு, குடுத்துடுங்கம்மா!"

"இருக்கட்டுங்க. கீழ் வீட்டுல குடுத்து சமைக்கச் சொல்றேன். விக்னேஷுக்கு அங்க சாப்பிட ரொம்ப ஆசை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கான்" என்று அந்த அம்மாள் சொன்னதும் உள்ளறையிலிருந்து விக்னேஷ், "அம்மா!" என்று கத்தினான்.

கட்டிலில் காலை நீட்டி, முழங்கால் வரை மாவுக்கட்டோடு இருந்தான். குமரேசன் வாசற்படியிலேயே நின்றான். விக்னேஷ் அவனைக் கட்டிலில் உட்காரச் சொல்லித் தட்டினான். பத்து நிமிடத்தில் போர்வைமேல் மாத்திரை அட்டைகளையும் கேரம் காய்களையும் பரப்பி, அன்றைய ஆட்டத்தை இருவரும் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்கள். விக்னேஷ் தான் நின்ற இடத்தைக் காட்டினான். குமரேசன் தான் வந்த வழியைக் காட்டினான். ஆஃப்சைடே இல்லை என்று விக்னேஷ் சாதித்தான். குமரேசன் ஒரு காயைத் தள்ளி வைத்து, ஆஃப்சைடுதான் என்று நிரூபித்தான்.

ராமநாதன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"மன்னிச்சிடுன்னு எப்படி சார் சொல்றது? இவங்க பாஷையில."

காது மடலைப் பிடித்து, பிறகு அதே கையை நெஞ்சில் வைக்க வேண்டும். காட்டினேன். அவர் ஒரு தடவை எனக்கு முன்னால் செய்து பார்த்துக்கொண்டார். பிறகு கட்டிலருகே போய் நின்றார். குமரேசன் நிமிர்ந்தான். அவன் முகம் இறுகி, கன்னம் தானாகக் கொஞ்சம் விலகியது. அதைப் பார்த்ததும் ராமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. காதைப் பிடித்தார். நெஞ்சில் வைத்தார்.

குமரேசன் எழுந்து நின்றான். கையால் பதில் சொல்வான் என்று நினைத்தேன். அவன் வாயைத் திறந்தான்.

"பவவால்ல அங்கிள்."

ராமநாதன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சொன்னான் என்று யாரையும் கேட்கவில்லை. அவன் தோளைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை இதையெல்லாம் கோமளா மிஸ்ஸிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பரவாயில்லைல 'ர' தெளிவா வந்துதா?"

"வந்துது மிஸ்" என்றேன்.

"பொய். அவனுக்கு 'ர' வராது. மத்தியானம் சாப்பிட்டதும் என் ரூமுக்கு அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். நான் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோதும் அந்த நோட்டில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

குமரேசன் அந்த வருடம் பத்தாவது தேறினான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, பின்னால் தனியாகவே ஒரு பட்டறை போட்டான். எங்கள் பள்ளியில் படித்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். 'ர' அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. மிஸ் ஓய்வு பெறும்வரை முயன்றார்.

பல வருடங்கள் கழித்து ஒருநாள் அவன் பட்டறைக்குப் போயிருந்தேன். தன் பெண் குழந்தைக்கு மூன்று வயதாகிறது என்று கையால் சொன்னான். பெயர் வைக்க ஆறு மாதம் எடுத்துக்கொண்டானாம். பவுனம்மா ராஜேஸ்வரி என்று வைக்கச் சொல்லி எவ்வளவோ சண்டை போட்டாராம். இவன் கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கவைத்து, தன் வாயில் சுத்தமாக வரும் எழுத்துகளாகத் தேடி வைத்தானாம்.

என்ன பெயர் என்று கேட்டேன்.

அவன் பட்டறை வாசலுக்குப் போய், எதிர்வீட்டைப் பார்த்து, தெருச் சத்தத்துக்கு மேல் கூப்பிட்டான். "பாமா!"

"இன்னாப்பா!" என்று ஒரு குழந்தை வெளியே ஓடி வந்தது.